அம்மாவின் அந்தியேட்டியில் கிறிஸ்தவனான மகன் எதைச் செய்யலாம், எதை விடலாம்?

கேட்டவர்: உப்புவெளியான்

இக்குழுவிலுள்ள போதகர்களுக்கும் மூத்தவர்களுக்கும் வணக்கம்.

என் தாயார் அண்மையில் காலமானார். எங்களுடையது பரம்பரைச் சைவக் குடும்பம். வெள்ளிக்கிழமை தவறாமல் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய்வந்தவர் அம்மா. நான் மட்டும், எவருடைய வற்புறுத்தலுமின்றி, திருமணத்துக்கு முன்னரே ஞானஸ்நானம் பெற்று மெதடிஸ்த திருச்சபையில் சேர்ந்தேன். அன்றைக்கு அம்மா அழுதார். ஆனால் பிற்காலத்தில் என் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை போட்டுத் தலைவாரி, ஞாயிறு பாடசாலைக்கு நேரத்துக்கு அனுப்பிவைத்தவரும் அவர்தான்.

நான் அவருக்கு ஒரே மகன். இறுதிக் கிரியையின்போது ஐயர் என்னை அழைத்த வேளையில் நான் பின்வாங்கியதால், அக்காவின் மகன் முன்வந்து கொள்ளி வைத்தான். பாடைக்கு நான் தோள் கொடுத்தேன். சுடலை வரை நடந்தேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. உறவினர்கள் அன்று எதுவும் பேசவில்லை, ஆனால் மனத்தில் வைத்துக்கொண்டார்கள்.

இப்போது இறந்தவருக்காக 31ஆம் நாளில் செய்யும் அந்தியேட்டிக் கிரியை, திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீரூற்றடியில் நடக்க இருக்கிறது. இராவணன் தன் தாய்க்கு இறுதிக்கடன் கழித்த இடம் என்று ஐதிகம் உள்ள இடமாதலால், தாய்க்குச் செய்யும் கிரியையை அங்கே மகன்தான் செய்ய வேண்டும் என்று தாய்மாமன் பிடிவாதமாக நிற்கிறார். “கொள்ளியைத்தான் பேரனிடம் விட்டுவிட்டாய்; எள்ளும் தண்ணீருமாவது உன் கையால் இறைத்துவிடு. வாய் ஐயர் சொல்வதைச் சொல்லட்டும், மனத்துக்குள் உன் இயேசுவை நினைத்துக்கொள், எவருக்குத் தெரியப்போகிறது?” என்பது அவர் சொல்லும் வழி. நேர்மாறாக, என் மனைவியின் உறவினர் சிலரோ கன்னியாப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது, அன்றைக்கு வீட்டிலேயே ஜெபத்தில் இருந்துவிடு என்கிறார்கள். எண்பதைக் கடந்த அப்பா இரண்டு பக்கமும் பேசாமல் இருக்கிறார். ஆனால் அவருக்குப் படி இறங்குவதற்கு ஒருவர் கை வேண்டும், அந்தக் கை இதுவரை என்னுடையதாகவே இருந்திருக்கிறது.

நான் போகலாமா, போனால் எதுவரை நிற்கலாம், மாமா சொல்கிறபடி செய்தால் அது பாவமாகுமா என்பதை வேத வசனத்தின் அடிப்படையில் விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: லிங்கநகர் விசுவாசி

அன்பின் சகோதரரே, உங்கள் துக்கத்தில் கர்த்தர் உங்களைத் தேற்றுவாராக.

வேதம் இதில் மழுப்பலாகப் பேசவில்லை. கர்த்தருடைய பந்திக்கும் மற்றப் பந்திக்கும் ஒருவன் ஒருசேரப் பங்காளியாக இருக்க முடியாது என்று 1 கொரிந்தியர் 10ஆம் அதிகாரம் கூறுகிறது. தசமபாகத்தைக் கொண்டுவரும் இஸ்ரவேலன், அதில் எதையும் மரித்தவர்களுக்காகக் கொடுக்கவில்லை என்று கர்த்தருடைய சந்நிதியில் அறிக்கையிட வேண்டும் என்பது உபாகமம் 26இல் உள்ள கட்டளை. ஆகவே பிண்டமும் எள்ளுத் தண்ணீரும் உங்களுக்கு அடைக்கப்பட்ட வாசல்.

இன்னொன்றையும் யோசியுங்கள். இது ஒரு நாளோடு முடிகிற காரியமல்ல. 31ஆம் நாளில் நீங்கள் கர்த்தாவாக, அதாவது கிரியை செய்பவராக, உட்கார்ந்தால், அடுத்த ஆண்டு திவசத்துக்கும், ஒவ்வொரு சித்திரா பௌர்ணமிக்கும் உங்களைத்தான் தேடுவார்கள். அப்போது மறுப்பதற்கு உங்களிடம் காரணம் இருக்காது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்பதைவிட, அன்று அங்கே போகாமல் இருந்துவிடுவதே நலம்.

பதில்: மெதடிஸ்த போதகர் ஒருவர், திருகோணமலை

அன்பின் தம்பி, முதலில் உங்கள் அம்மாவுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லுகிறேன். தான் நம்பாத ஒரு மார்க்கத்தின் பாடசாலைக்குப் பேரப்பிள்ளைகளைத் தலைவாரி அனுப்பிய ஒரு தாயைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதை, இங்கே எழுதுகிற எல்லாரும் நினைவில் வைத்திருப்பது நல்லது.

லிங்கநகர்ச் சகோதரர் எழுதியதில் முதற்பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். இரண்டாம் பாதியை ஏற்க முடியவில்லை. கிரியையைச் செய்யாதிருப்பது வேறு, போகாதிருப்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுவதால்தான் நம்முடைய ஊரில் எத்தனையோ குடும்பங்கள், வசனத்தின் நிமித்தம் அல்ல, வசனத்தின் பெயரைச் சொல்லிப் பிரிந்து கிடக்கின்றன.

“உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக” என்ற கட்டளைக்கு, அவர்கள் விசுவாசிகளாக இருந்தால் மட்டும் என்றொரு நிபந்தனை கிடையாது. மாற்கு 7ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் பரிசேயரைக் கண்டித்த இடத்தை எடுத்துப் பாருங்கள். பெற்றோருக்குப் பயன்பட வேண்டியதைக் கொர்பான் என்று தேவனுக்கு நேர்ந்துவிட்டதாகச் சொல்லி, அந்தச் சாக்கில் தாய் தகப்பனுக்கு ஒன்றும் செய்யாமல் தப்பித்துக்கொள்ளும் பக்தியைத்தான் அவர் அங்கே சாடுகிறார். நான் கிறிஸ்தவன், ஆகவே என் தாயின் 31க்கு நான் வரமாட்டேன், செலவிலும் பங்கெடுக்கமாட்டேன் என்று ஒருவன் சொன்னால், அதுவும் கொர்பானுக்கு வெகு தூரத்தில் இல்லை.

“மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும்” என்ற வசனத்தை எவராவது உங்களிடம் கொண்டுவருவார்கள். அது பின்பற்றுதலைப் பின்போட்டுக்கொண்டே போன ஒருவனுக்குச் சொல்லப்பட்டது. அதைச் சொன்னவரே லாசருவின் கல்லறைக்குப் போகையில் கண்ணீர் விட்டார். தாம் சிலுவையில் தொங்கும் நேரத்திலும் தம் தாயை யோவானிடம் ஒப்படைத்தார்.

இனி மாமா சொல்லும் வழிக்கு வருவோம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உங்களுக்கும் ஊருக்கும் நடுவே ஒரு பாலம் போடப் பார்க்கிறார். ஆயினும் அந்த வழி சரியல்ல. அந்தியேட்டியில் கர்த்தாவாக உட்காருகிறவர் சும்மா உட்காருவதில்லை. தர்ப்பை அணிந்து, குருக்கள் சொல்வதை வழிமொழிந்து, பிண்டம் வைத்து, இறந்தவருடைய ஆன்மா பிதிரர்களோடு சேர வேண்டும் என்ற வேண்டுதலைத் தன் வாயால் சொல்லுகிறார். வாய் ஒன்றைச் சொல்ல, மனம் இன்னொன்றை நினைக்க, அதை எந்தத் தெய்வத்துக்கு நாம் வணக்கம் என்று கொடுப்பது? உங்கள் விசுவாசத்துக்கு அது உண்மையாகாது. அந்தக் கிரியையைப் பயபக்தியோடு நம்பிச் செய்கிற குருக்களுக்கும் உறவினருக்கும் அது மரியாதையாகாது. “விசுவாசத்தினாலே வராத யாவும் பாவமே” என்று ரோமர் 14ஆம் அதிகாரம் முடிகிறதே, அது இப்படிப்பட்ட இரட்டை மனத்தைப் பற்றியதுதான்.

அப்படியானால் போவதற்கு ஆதாரம் என்ன என்று கேட்பீர்கள். 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தில் சீரியப் படைத்தலைவன் நாமான் குஷ்டம் நீங்கிய பிறகு, இனிமேல் கர்த்தருக்கேயன்றி வேறெவருக்கும் பலியிடமாட்டேன் என்று எலிசா தீர்க்கதரிசியிடம் உறுதி சொல்கிறான். அதே மூச்சில் ஒரு சங்கடத்தையும் சொல்கிறான்: என் எஜமான் பணிந்துகொள்வதற்கு ரிம்மோன் கோவிலுக்குப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொள்வான், அவனோடு நானும் குனிய வேண்டியிருக்கும், அதைக் கர்த்தர் எனக்கு மன்னிப்பாராக. இதற்கு எலிசா நீண்ட பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. “சமாதானத்தோடே போ” என்று மட்டும் சொல்லுகிறான். நாமான் பலியிடவில்லை என்பதைக் கவனியுங்கள்; அந்த எல்லையை அவன் முன்னதாகவே, தானாகவே போட்டுக்கொண்டான். அவன் செய்தது தன் எஜமானுக்குத் தாங்கலாக நின்றது.

உங்கள் கேள்வியை வாசித்தபோது, அப்பாவுக்குப் படி இறங்க உங்கள் கை வேண்டும் என்று எழுதியிருந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். கன்னியாவுக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும்: சிறிய சதுரக் கட்டுகளாக ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு, சுற்றிலும் எப்போதும் நனைந்து கிடக்கும் கல்தரை. தலைக்கு வாளியால் அள்ளி ஊற்றுகிறவர்கள் நெருக்கியடித்து நிற்கும் அந்த ஈரத்தில், எண்பது கடந்த ஒருவரை அவருடைய ஒரே மகன் அல்லாமல் வேறு எவர் பிடித்துக்கொள்வது? நீங்கள் போங்கள். அப்பாவின் கையை விடாதீர்கள். கிரியை தொடங்கும்போது அப்பாவோடு ஒரு பக்கமாக இருங்கள். எழுந்து வெளியே போய் நின்று, எதிர்ப்பைக் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

யோசேப்பு தன் தகப்பனுக்குச் செய்ததையும் சேர்த்துப் பார்க்கலாம். யாக்கோபின் உடலுக்குச் சுகந்தவர்க்கமிட்டவர்கள் எகிப்திய வைத்தியர். அதற்கு 40 நாள் சென்றது. எகிப்தியர் 70 நாள் துக்கங்கொண்டாடினார்கள். பார்வோனின் உத்தியோகஸ்தர் கானான் வரை கூடவே போனார்கள். எகிப்திய ஊழியர் துக்கத்தில் சேர்ந்ததை ஆதியாகமம் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எகிப்தியச் சடங்குகளை யோசேப்பு செய்தான் என்றும் அங்கே எழுதப்படவில்லை; ஆகவே இந்த உதாரணத்தை அதற்குரிய தூரத்துக்கு மேல் நான் இழுக்கமாட்டேன்.

உங்கள் தீர்மானம் எதுவாக இருந்தாலும் மாமாவிடம் இப்போதே, வீட்டில், தனியாகச் சொல்லிவிடுங்கள். அந்தியேட்டியன்று காலையில், ஐயர் கும்பம் வைத்த பிறகு, எல்லார் முன்னாலும் ‘நான் மாட்டேன்’ என்பது அவருடைய முகத்தில் கரி பூசுவதாகும். செத்தவீட்டில் ஒருமுறை நடந்தது போதும். செலவில் உங்கள் பங்கைக் கேட்கும் முன்னரே கொடுத்துவிடுங்கள். பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் வருகிறவர்களை ஏற்றியிறக்கும் வாகனத்துக்கும் ஆகும் காசு, துக்கத்தில் இருக்கிற குடும்பம் தன் உறவினரை உபசரிக்கும் காசு. அதில் மனச்சாட்சி உறுத்துவதற்கு ஒன்றுமில்லை. அதுபோல உங்கள் சபைப் போதகருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சைவக் குடும்பங்களிலிருந்து புதிதாக வந்தவர்கள் நம் சபையில் இருக்கிறார்கள். நீங்கள் கன்னியாவில் நின்றதை எவராவது கண்டு அரைகுறையாகச் சொல்லி அவர்கள் இடறிப்போவதைவிட, நீங்கள் ஏன் போனீர்கள், எதைச் செய்யவில்லை என்பதை உங்கள் வாயாலேயே அவர்கள் கேட்பது நல்லது. 1 கொரிந்தியர் 8இல் பலவீனமான சகோதரனைப் பற்றிப் பவுல் கவலைப்படுவது இதற்காகத்தான்.

பதில்: அன்புவழிபுரத்து அண்ணன்

நான் கிறிஸ்தவன் அல்லன்; மனைவி கத்தோலிக்கர் என்பதால் இக்குழுவில் இருக்கிறேன். ஒரு சைவனாக ஓரிரு வார்த்தை சொல்ல அனுமதியுங்கள்.

தம்பி, எங்கள் பக்கத்து வழமைப்படி பொதுவாகக் கொள்ளி வைத்தவரே அந்தியேட்டியையும் செய்வார். அக்காவின் மகன் கொள்ளி வைத்திருந்தால், தொடர்ந்து அவன் செய்வதே முறை. இடையில் கர்த்தாவை மாற்ற வேண்டும் என்று எந்தக் குருக்களும் வற்புறுத்துவார் என்று நான் நினைக்கவில்லை. மகன் இல்லாத வீட்டில், மகன் வெளிநாட்டில் இருக்கிற வீட்டில் பேரனும் மருமகனும் பெறாமகனும் செய்து எத்தனையோ கிரியைகள் நடந்திருக்கின்றன. சண்டைக் காலத்திலும் அதற்குப் பின்னரும் பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, ஊரில் இருந்த யாரோ ஒரு உறவுக்காரர் செய்துவைத்த அந்தியேட்டிகளை எண்ணி முடியாது. அந்தத் தாய்மாருக்கெல்லாம் கதி இல்லை என்று எவரும் சொல்லவில்லை. உங்கள் மாமா இதையெல்லாம் அறியாதவராக இருக்கமாட்டார். அவருக்குத் தேவைப்படுவது கிரியையில் ஒரு ஆள் அல்ல. தன் தங்கையின் மகன் உறவினர் கூட்டத்தில் முன்வரிசையில் நிற்பதை நாலு பேர் காண வேண்டும் என்பதுதான் என்று எனக்குப் படுகிறது.

போதகர் சொன்ன இன்னொன்றையும் வழிமொழிகிறேன். நம்பாமல், நாங்கள் திருப்திப்படுவதற்காக மட்டும் எள் இறைக்கிறவனைவிட, நம்பாததால் இறைக்கவில்லை என்று சொல்லிவிட்டுத் தகப்பனைத் தாங்கிக்கொண்டு நிற்கிற மகனை நான் மதிப்பேன். அன்றைக்கு வேட்டி உடுத்துக்கொண்டு வாருங்கள், வருகிறவர்களை வாசலில் நின்று நீங்களே வரவேற்றுக் கூட்டிக்கொண்டு போங்கள். பாதிக் கோபம் அங்கேயே ஆறிவிடும்.

பதில்: பாலையூற்றுக் குருவானவர்

மெதடிஸ்த போதகரின் பதிலுக்குப் பிறகு நான் அதிகம் சேர்க்க வேண்டியதில்லை. ஆயினும் இதே கேள்வி எங்கள் திருச்சபையை நெடுங்காலம் அலைக்கழித்தது என்பதை அறிந்தால், ஒரே வாரத்தில் இதற்கு முடிவுகாண முயலும் உப்புவெளித் தம்பிக்குச் சற்று ஆறுதலாக இருக்கக்கூடும்.

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி ரொபேர்த்தோ தெ நொபிலி, திருமுழுக்குப் பெற்றவர்கள் பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு ஆகியவற்றை விட்டுவிட வேண்டியதில்லை, அவை சமூக வழக்கங்களே என்று வாதாடினார். உடன் பணியாற்றியவர்களே அவரைக் குற்றஞ்சாட்டினார்கள். வழக்கு உரோமை வரை போய், 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, மூடநம்பிக்கைக்கு இடமில்லாதபடி அவற்றை அனுமதித்தார். சீனாவிலோ முன்னோருக்குச் செய்யும் வணக்கம் பற்றிய விவாதம் இன்னும் கடுமையாக நடந்தது; 1742இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் அவ்வணக்கத்தை முற்றாகத் தடைசெய்தார். ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு கழித்து, 1939இல், பன்னிரண்டாம் பயஸ் காலத்தில்தான், இறந்தவரின் உடலுக்கோ படத்துக்கோ பெயர் எழுதிய பலகைக்கோ முன்பாகத் தலைவணங்குவது குடிமை மரியாதை என்ற அளவில் ஏற்கத்தக்கது என்று உரோமை அறிவித்தது.

இந்த நீண்ட வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: ஒரு செயலை அதன் வெளித்தோற்றத்தைக் கொண்டு மட்டும் நிறுக்க முடியாது, அச்செயல் அந்தச் சமூகத்தில் இன்றைக்கு என்ன பொருள் கொண்டிருக்கிறது, அதைச் செய்கிறவர் எதை அறிக்கையிடுகிறார் என்பதைப் பார்த்தாக வேண்டும். அம்மாவின் படத்துக்கு மாலை போடுவதும், அதன் முன்னால் மலர் வைத்துக் கைகூப்பி நிற்பதும், நம் நாட்டில் எந்தச் சமயத்தவரும் தம் பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதை. பிண்டம் வைப்பது அப்படியல்ல. அது ஆன்மாவின் பயணத்தைப் பற்றிய தெளிவான ஒரு நம்பிக்கையின் செயல் வடிவம். முன்னதைத் தயங்காமல் செய்யலாம், பின்னதை அதை நம்புகிறவர்களிடம் விட்டுவிட வேண்டும்.

எங்கள் மக்களும் 31ஆம் நாளை விட்டுவிடவில்லை. கத்தோலிக்க வீடுகளில் அன்றைக்குத் திருப்பலி ஒப்புக்கொடுத்து, உறவினருக்கு உணவு கொடுப்பது இங்கே வழக்கம். இறந்தோருக்காக மன்றாடுவது நல்லதும் புனிதமுமான எண்ணம் என்று மக்கபேயர் இரண்டாம் நூல் 12ஆம் அதிகாரம் சொல்வதை நாங்கள் பற்றிக்கொள்கிறோம். மெதடிஸ்த சகோதரர்கள் அந்நூலைத் திருமறையில் சேர்ப்பதில்லை என்பது தெரிந்ததே. உயிரோடிருப்பவர் எவருக்காகவும் இறந்தவர் எவருக்காகவும் குருவானவர் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம் என்பது எங்கள் திருச்சபைச் சட்டம். திருமுழுக்குப் பெறாதவர் என்பது அதற்குத் தடையல்ல. உங்கள் சபையில் நன்றி ஆராதனை என்ற வடிவில் இதைப்போல ஒன்றை உங்கள் போதகர் நடத்தக்கூடும், கேட்டுப்பாருங்கள்.

கடைசியாக ஒன்று, இது தம்பிக்கு அல்ல, நம் எல்லாருக்கும். திருகோணமலையின் சுவாமி மலையில் இருந்த பழைய கோணேசர் கோயிலை 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடித்தவர்கள் சிலுவை அணிந்த போர்த்துக்கேயர். அந்தக் கல்லிலும் கோட்டை கட்டப்பட்டது. அந்தக் கோட்டைக்குள்ளால்தான் சைவ மக்கள் இன்றைக்கும் நடந்து தங்கள் கோயிலுக்குப் போகிறார்கள். அவர்கள் செய்யும் கிரியையைப் பற்றி இந்த ஊரில் ஒரு கிறிஸ்தவர் வாய் திறக்கும்போது, குரல் சற்றுத் தாழ்ந்திருப்பதே அழகு.

உப்புவெளியான்

அனைவருக்கும் நன்றி. மாமாவிடம் நேற்றுப் பின்னேரம் பேசினேன். கொள்ளி வைத்தவரே செய்வதுதான் வழமை என்பதை நான் சொல்லத் தொடங்கியதுமே, “அது எனக்குத் தெரியாதா?” என்று கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்பாவை நீ கூட்டிக்கொண்டு வா, மற்றதைப் பொடியன் பார்க்கட்டும்” என்றார். அன்புவழிபுரத்து அண்ணன் அவரை நேரில் கண்டவர்போல எழுதியிருக்கிறார்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள் உள்ளன. அன்று மதியம் வீட்டில் படைத்த பிறகுதான் எல்லாரும் சாப்பிடுவார்கள். அந்தச் சாப்பாட்டை நானும் பிள்ளைகளும் உண்ணலாமா? மற்றது கேட்பதற்கே கடினமானது. நான் கிரியை செய்யாவிட்டால் அம்மாவின் ஆத்மா சாந்தியடையாது என்று அக்கா அழுகிறார். மனைவியின் உறவினர் ஒருவரோ, விசுவாசியாமல் இறந்ததால் அம்மா நரகத்துக்குத்தான் போயிருப்பார் என்று செத்தவீட்டிலேயே என் மகளின் காதில் படும்படி சொல்லிவிட்டார். மகள் இப்போது ஒவ்வோர் இரவும் அதைத்தான் கேட்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்வது?

பதில்: மெதடிஸ்த போதகர்

சாப்பாட்டைப் பற்றியது எளிது. ஒருவன் விருந்துக்கு அழைத்து, போக மனமிருந்தால், முன்னால் வைக்கப்படுவதை மனச்சாட்சிக்காக விசாரணை செய்யாமல் புசியுங்கள் என்றும், இது படைக்கப்பட்டது என்று ஒருவன் சுட்டிச் சொன்னால் அவனுடைய மனச்சாட்சிக்காகப் புசியாதிருங்கள் என்றும் 1 கொரிந்தியர் 10ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியில் பவுல் இரண்டு நிலைமைகளையும் பிரித்துச் சொல்கிறார். உங்கள் வீட்டு நடைமுறையில், ஒரே அடுப்பில் சமைத்த சோறு கறியில் ஓர் இலைக்கு எடுத்துப் படத்தின் முன்னால் வைப்பார்கள். பந்தியில் பரிமாறுவது பானையில் இருப்பது. பந்தியில் உறவினரோடு உட்கார்ந்து, ஜெபித்துச் சாப்பிடுங்கள். படைத்த இலையிலிருந்து எடுத்து, இது அம்மாவுக்கு வைத்தது என்று சொல்லித் தந்தால், இருக்கட்டும் அக்கா, நான் பந்தியில் சாப்பிடுகிறேன் என்று சொன்னால் போதும். பிள்ளைகளை அங்கேயும் இங்கேயும் இழுத்து, அதைத் தொடாதே இதைத் தொடாதே என்று சத்தம் போட வேண்டாம்.

மகளின் கேள்விக்கு வருகிறேன். அந்த வார்த்தையைச் செத்தவீட்டில், அதுவும் ஒரு பிள்ளையின் காதில் படும்படி சொன்னவர், தமக்கு உரியதல்லாத ஒரு நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். இரட்சிப்பு இயேசு கிறிஸ்துவினாலேயன்றி வேறொருவராலும் இல்லை என்று அப்போஸ்தலர் 4ஆம் அதிகாரத்தில் பேதுரு சொன்னதை நான் முழு மனதோடு பிரசங்கிக்கிறேன். அதில் ஒரு எழுத்தையும் குறைக்கமாட்டேன். ஆனால் கிறிஸ்துவினாலே இரட்சிப்பு என்று சொல்வதும், இன்னார் இரட்சிக்கப்படவில்லை என்று பெயர் குறித்துத் தீர்ப்புச் சொல்வதும் ஒன்றல்ல. முன்னது நற்செய்தி. பின்னதைச் சொல்ல எங்களுக்கு அதிகாரம் கொடுக்கப்படவே இல்லை. கர்த்தர் வருமளவும் காலத்துக்கு முன்னே தீர்ப்புச் சொல்லாதிருங்கள் என்றுதான் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒருவரின் கடைசி நாட்களில், கடைசி மூச்சில், அவருக்கும் தேவனுக்கும் இடையே நடந்ததை எந்த மனிதரும் கூட இருந்து கேட்டதில்லை. மனிதன் தேவனைத் தேடத் தொடங்குவதற்கு முன்னமே தேவனுடைய கிருபை அவனைத் தேடிப் புறப்பட்டுவிடுகிறது என்பது மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி வலியுறுத்திப் போதித்த உபதேசம். அந்தக் கிருபை உப்புவெளியில் ஒரு சைவத் தாயின் வீட்டு வாசலில் நின்றுவிட்டிருக்கும் என்று நினைப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

ஆகவே மகளிடம் தெரியாததைத் தெரிந்ததுபோல எந்தப் பக்கமாகவும் சொல்லாதீர்கள். அப்பம்மா எங்கே இருக்கிறார் என்று உறுதி சொல்லப் புறப்பட்டால், பிற்பாடு அவள் வேதம் வாசிக்கும்போது உங்கள் வார்த்தையில் சந்தேகம் வரும். “சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ” என்று ஆபிரகாம் கேட்ட கேள்வியைச் சொல்லிக்கொடுங்கள். அப்பம்மாவை அவளைவிட அதிகமாக நேசிக்கிறவரின் கையில் அப்பம்மா இருக்கிறார், அவர் அநியாயம் செய்யமாட்டார் என்று சொல்லுங்கள். அதைச் சொன்ன பிறகு அப்பம்மா செய்த கொழுக்கட்டையைப் பற்றியோ அவர் சொன்ன கதைகளைப் பற்றியோ அவளைப் பேசவிடுங்கள். பிள்ளைகள் இரவில் கேட்கும் கேள்வியில் பாதி, அப்பம்மாவைப் பற்றிப் பேச இன்னும் அனுமதி உண்டா என்பதுதான்.

அக்காவோடு சாந்தியைப் பற்றி விவாதிக்க வேண்டாம். அவர் பிள்ளையே கிரியையைச் செய்கிறான். அவருடைய நம்பிக்கையின்படி குறை ஒன்றும் ஏற்படப்போவதில்லை. அவருக்கு இருக்கும் பயம், அம்மாவோடு சேர்த்துத் தம்பியையும் இழந்துவிடுவோமோ என்பது. எட்டாம் நாள், 31ஆம் நாள் எல்லாம் முடிந்து வீடு வெறிச்சோடிய பிறகு, வாரத்தில் ஒரு நாளாவது போய் அவர் கையால் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

பதில்: அக்கா ஒருவர், பெரியகடை

போதகர்கள் சொன்னதற்கு மேல் ஒரு சிறிய யோசனை. 31ஆம் நாளுக்கு நினைவு மலர் அடிப்பீர்கள்தானே. பெரும்பாலும் அந்த வேலையை யாரோ ஒரு உறவினர் தலையில் கட்டிவிட, அவர் வேறொரு வீட்டுக் கல்வெட்டை, அதாவது இறந்தவரைப் புகழும் பாடல்களை, எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிவிடுவார். எந்த மலரைத் திறந்தாலும் அதே ‘குலவிளக்கு’, அதே ‘இல்லறத்தின் நல்லறம்’. அந்த அம்மாவை நேரில் கண்டவருக்கு அவரை அதற்குள் அடையாளம் தெரியாது.

நீங்கள் அதை எடுத்துச் செய்யுங்கள். தேவாரம், திருவாசகம், பஞ்சபுராணம் எல்லாம் மாமா தெரிவுசெய்து தரட்டும். அம்மாவின் நம்பிக்கை அது, அது அவருடைய மலரில் இருக்க வேண்டியதுதான். வாழ்க்கை வரலாற்றையும் நன்றி நவிலலையும் நீங்கள் எழுதுங்கள். எங்கே பிறந்தார், எந்தப் பாடசாலையில் படித்தார், இடம்பெயர்ந்த காலத்தில் பிள்ளைகளை எப்படிக் காப்பாற்றினார், வெள்ளிக்கிழமை கோயிலுக்கு யாரோடு போனார் என்றெல்லாம் எழுதி, ஞாயிறு பாடசாலைக்குத் தலைவாரி அனுப்பியதையும் மறக்காமல் சேருங்கள். மகன் செய்யவில்லை என்று பேசுகிறவர்கள் கையிலும் மகன் எழுதியது இருக்கும்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், சகோதரர், மைத்துனர் என்று வரும் பெயர்ப்பட்டியலை அக்காவோடு உட்கார்ந்து சரிபார்த்துவிட்டே அச்சகத்துக்குக் கொடுங்கள். கிரியையில் எது தவறினாலும் மன்னிப்பார்கள், அந்தப் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போனால் பத்து வருடம் பேசுவார்கள். அச்சுப்பிழை பார்க்கவும் நாள் வேண்டும். அதனால் இந்த வார இறுதிக்குள் எழுதி முடித்துவிடுங்கள்.